சிலந்தி கடித்த பையனும் மணவாளக்குறிச்சி மணலும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் பேருந்து பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டி இஞ்சிவிளையை நெருங்கும்போதே கடைப் பலகைகளில் மலையாளமும் தமிழும் கலக்கத் தொடங்கிவிடும். அதற்கடுத்த களியக்காவிளை தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைகள் எல்லைக்கோட்டுக்கு வடக்கே ஏராளம்.

அந்தப் பிள்ளைகளுக்கு வேறு எவருக்கும் இல்லாத ஒரு கொடுப்பினை இருந்தது. அவர்களுக்கு இரண்டு மாயாவிகள். ஒருவன் 'பாலரமா' இதழில் 1980-களில் வரத் தொடங்கிய மலையாள மாயாவி. குட்டிச்சாத்தான். மந்திரவாதி குட்டூசனும் டாகினியும் அவனைக் குப்பியில் அடைப்பார்கள், ராஜுவும் ராதையும் விடுவிப்பார்கள். இன்னொருவன் 1970-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி. கறுப்பு வெள்ளைப் படங்களில் வந்த இவனிடம் மந்திரம் கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும்; எஃகுக் கை மட்டும் மறையாமல் காற்றில் மிதக்கும்.

எட்டு வயதில் முதல் மாயாவி போதும். பன்னிரண்டு, பதின்மூன்று ஆகும்போது பல பிள்ளைகள் இரண்டாமவனிடம் தாவினார்கள். அந்தத் தாவலுக்கு என்ன காரணம் என்பதே இந்தக் கட்டுரை. காரணத்தில் ஒரு பாதி நம் மூளையிலும் உடம்பிலும் இருக்கிறது. மறு பாதி, நம்ப முடியாவிட்டாலும், இந்தக் கரையின் மணலிலேயே கிடக்கிறது.

1962 என்ற ஆண்டைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 'அமேஸிங் ஃபேன்டஸி' இதழின் 15-ஆம் எண்ணில் ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைய, ஸ்பைடர்மேன் பிறந்தான். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைய, லூயிஸ் கிராண்டேல் பிறந்தான். நம் இரும்புக்கை மாயாவி இவன்தான். இருவரும் ஆய்வுக்கூட விபத்தின் பிள்ளைகள். பள்ளி மாணவன் பீட்டர் பார்க்கரை ஓர் அறிவியல் செயல்விளக்கக் கூடத்தில் கதிர்வீச்சு பட்ட சிலந்தி கடிக்கிறது. பேராசிரியர் பாரிஞ்சரின் உதவியாளன் கிராண்டேல் ஒரு விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொள்கிறான். அடுத்த விபத்தில் உயர் மின்னழுத்தம் பாய்ந்து உடல் மறைகிறது. அணுகுண்டையும் மின்னணுக் கருவிகளையும் கண்டு வியந்தும் அஞ்சியும் கிடந்த காலத்தின் குழந்தைகள் இவர்கள்.

பதின்வயதுப் பையன் நாயகனாக முடியாது, நாயகனுக்கு எடுபிடியாகத்தான் இருக்க முடியும் என்று பதிப்பாளர் தடுத்ததாக ஸ்டான் லீ பல முறை சொல்லியிருக்கிறார். வாசகர்களோ அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டார்கள். கிராண்டேல் வளர்ந்த ஆள்தான். ஆனால் அவனுடைய நடத்தையில் ஒரு விடலையின் குணம் உண்டு. மறையும் சக்தி கிடைத்ததும் முதலில் திருடத்தான் போகிறான். நல்லவனாவதும் நிழல்படை என்ற உளவு அமைப்பில் சேர்வதும் பிறகு நடப்பவை.

இவர்கள் இருவரிடமும் எனக்குப் பிடித்தது சக்தி அல்ல, சக்திக்குப் போடப்பட்ட நிபந்தனை. மின்சாரம் கிடைக்காத இடத்தில் மாயாவி வெறும் மனிதன். நேரம் கடந்தால் உருவம் திரும்பிவிடும், அதுவும் பகைவர் நடுவில். மறைந்திருக்கும்போதும் கை காட்டிக்கொடுக்கும். பீட்டர் பார்க்கருக்குச் சுவரில் ஏறும் வல்லமை சிலந்தி கொடுத்தது. வலை வீசும் கருவியை அவனே வடிவமைத்துச் செய்தான். வலைத் திரவம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பாதி விபத்து, பாதி வீட்டில் உட்கார்ந்து படித்த வேதியியல். குப்பி மாயாவியின் உலகில் மந்திரம் ஏன் வேலை செய்கிறது என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. இரும்புக்கை மாயாவியைப் படித்த பையன் கேட்பான்: எத்தனை வோல்ட் பாய்ந்தால் மறையலாம்? சட்டையும் ஏன் மறைகிறது? விதி என்று ஒன்று வந்துவிட்டால் கேள்வி பின்னாலேயே வந்துவிடும்.

பதின்மூன்று வயதில் இந்த விதிப் பசி வருவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வயதில் உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் மாறுகிறது. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் பையன் ஓராண்டில் 9 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்கிறான். கை எங்கே முடிகிறது என்று மூளைக்கே பிடிபடாமல் டம்ளரைத் தட்டிவிடுகிறான். குரல் ஒரு நாள் ஒரு மாதிரி. ஒரு காலைப்பொழுதில் எழுந்து பார்த்தால் தன் உடம்பே தனக்கு அந்நியமாக இருப்பது பீட்டர் பார்க்கருக்கு மட்டும் நேர்ந்ததில்லை.

1967-இல் டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த வயதின் இரண்டு மனப்பழக்கங்களை எடுத்துக்காட்டினார். ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு ஒன்று. என் நிலைமை வேறு எவருக்கும் வந்திருக்காது, எனக்கு எதுவும் ஆகாது என்ற நினைப்பு மற்றொன்று. முகப்பரு வந்த பையன் வகுப்பறை வாசலில் தயங்கி நிற்பது முதலாவது. வளைவில் பைக்கை முறுக்குவது இரண்டாவது. இனி சித்திரக்கதையைத் திறந்து பாருங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தவிப்பவனுக்கு மாயாவி மறைந்து காட்டுகிறான், ஸ்பைடர்மேன் முகமூடி கொடுக்கிறான். நான் தனி என்று நினைப்பவனுக்கு, ஆமாம் நீ தனிதான், அதற்கு ஒரு விலையும் உண்டு என்று சொல்கிறான். அந்த வயதின் இரண்டு நோவுகளுக்கும் ஒரே புத்தகத்தில் மருந்து.

எல்லைப்புறப் பிள்ளைக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இரட்டை வாழ்க்கை. கூட்டாளிகளோடு மலையாளம் பேசிக்கொண்டே வந்தவன் வீட்டுப் படி ஏறியதும் "அம்மா, சோறு இருக்கா?" என்கிறான். மார்த்தாண்டத்து மாமா வீட்டுக்குப் போனால் அவனுடைய தமிழைக் கேட்டு மலையாளம் அடிக்கிறது என்கிறார்கள். பள்ளியில் மலையாளத்தில் தமிழ் அடிக்கிறது என்கிறார்கள். எங்கே எந்த முகத்தைக் காட்டுவது என்ற கணக்கை யாரும் கற்றுத்தராமலே கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, பகலில் கூச்சக்காரப் படிப்பாளியும் இரவில் காவல்காரனுமாக வாழும் பீட்டர் பார்க்கர் அந்நியனாகத் தெரிவதில்லை.

இப்போது மணலுக்கு வருவோம்.

ஸ்பைடர்மேனை உண்டாக்கியது கதிர்வீச்சு. பாறசாலையிலிருந்து தெற்கே குமரி மாவட்டக் கடற்கரையில் இருக்கும் மணவாளக்குறிச்சியின் மணலில் அந்தக் கதிர்வீச்சு இயற்கையாகவே இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து கப்பலேறிய தேங்காய்நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தபோது மோனசைட் என்ற தாதுவைக் கண்டார். அதற்குள் தோரியம். அன்றைய ஐரோப்பாவின் கேஸ் விளக்குகளில் வெள்ளொளி தரும் வலைகளுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கியது. இன்று அங்கே இருப்பது ஒன்றிய அரசின் அரிய மணல் ஆலை. கருமணல் என்று நாம் சொல்வதன் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். கதிர்வீசுவது இவற்றுக்கிடையே கிடக்கும் தேன் நிறத் துகள்களான மோனசைட்தான்.

கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி, சவறா கரைகளிலும் இதே கதை. உலகில் ஒரு மனிதருக்கு இயற்கையிலிருந்து கிடைக்கும் கதிர்வீச்சு சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அந்தக் கரையின் சில இடங்களில் அதைப் போலப் பல மடங்கு. தலைமுறை தலைமுறையாக மீனவர்களும் கயிறு திரிப்பவர்களும் அந்த மணலில் நடந்து, அதன்மேல் வீடு கட்டி, அதன்மேல் பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். சித்திரக்கதையின் விதி உண்மையானால் நம் கடற்கரையில் ஒரு ஸ்பைடர்மேன் பட்டாளமே இருக்க வேண்டும்.

இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கதிர்வீச்சு மரபணுவை மாற்றும் என்பது உண்மை. ஹெர்மன் முல்லர் 1927-இல் பழ ஈக்களின்மீது எக்ஸ்-கதிர் பாய்ச்சி அதை நிறுவினார், 1946-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அந்த மாற்றம் குறிவைத்து நடப்பதில்லை. எந்தச் செல்லில் மரபணுவின் எந்த எழுத்து சிதையும் என்பது தற்செயல். ஒரு செல்லில் நேர்ந்தது அந்தச் செல்லிலும் அதன் வாரிசுகளிலும் நின்றுவிடும். மனித உடலில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள். அத்தனையும் ஒரே இரவில் ஒரே மாதிரி மாறி, அந்த மாற்றம் சுவரேறும் திறனாகவும் அமைய எந்த வழியும் கிடையாது.

சரி, தீங்காவது நேர்ந்திருக்க வேண்டுமே? கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2009-இல் வெளிவந்த ஆய்வு, மண்ணிலிருந்து வரும் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கொல்லம் ஆய்வகம் 1995 முதல் பிறக்கும் குழந்தைகளைப் பார்த்துவருகிறது. பிறவிக் குறைபாடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதற்காகக் கதிர்வீச்சு எதுவுமே செய்யவில்லை என்று ஆகிவிடாது. 2002-இல் ஆய்வாளர்கள் சிலர் இந்தக் கரைக் குடும்பங்களின் 988 பேரின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைத் தாய் வழியாக ஒப்பிட்டபோது, கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் எழுத்து மாற்றங்கள் கூடுதலாக இருந்தன. மணல் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. நம் உடம்பு திருத்திக்கொண்டும் இருக்கிறது.

அந்தத் திருத்தம்தான் என்னை மலைக்க வைப்பது. கதிர்வீச்சே இல்லாத இடத்திலும் வெப்பத்தாலும் மூச்சுவிடும் ஆக்சிஜனாலும் நம் ஒவ்வொரு செல்லின் மரபணுவும் ஒரு நாளில் பல்லாயிரம் தடவை சிதைகிறது. சிதைந்த எழுத்தை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை வைத்து ஒட்டும் நொதிகள் ஒவ்வொரு நொடியும் வேலை செய்கின்றன. இதைக் கண்டு விளக்கியதற்காக டோமாஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஸீஸ் சான்ஜார் மூவருக்கும் 2015-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்தத் திறமையின் எல்லையைக் காண வேண்டுமானால் டீனோகாக்கஸ் என்ற நுண்ணுயிரைப் பார்க்க வேண்டும். நம் எல்லை பிரிந்த அதே 1956-இல், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டப்பா இறைச்சியைக் காமாக் கதிரால் தூய்மைப்படுத்தும் சோதனையில், எல்லாம் செத்த பிறகும் ஒன்று மட்டும் வளர்ந்து இறைச்சியைக் கெடுத்தது. மனிதருக்கு 4 அல்லது 5 கிரே கதிர்வீச்சு உடல் முழுதும் பாய்ந்தால் மருத்துவம் இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். இது 5,000 கிரேயைத் தாங்குகிறது. மரபணு நூற்றுக்கணக்கான துண்டுகளாக நொறுங்கினாலும் சில மணி நேரத்தில் வரிசை தப்பாமல் சேர்த்துவிடுகிறது. எந்தச் சித்திரக்கதை ஆசிரியரும் இவ்வளவு துணிந்து கற்பனை செய்ததாக எனக்குத் தெரியாது.

சுவரேறும் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். குதிக்கும் சிலந்தி ஒன்றின் பாதங்களில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்முடிகள் உண்டு. பரப்போடு அவை கொள்ளும் மூலக்கூறு ஈர்ப்பு, சிலந்தியின் எடையைப் போல் 170 மடங்கைத் தாங்கவல்லது. ஆனால் உடல் பெருக்கப் பெருக்க எடை பரப்பைவிட வேகமாகக் கூடுகிறது. பல்லி அளவுக்கு மேல் இந்த வித்தை எடுபடாது. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்: மனிதன் சுவரில் ஒட்ட வேண்டுமானால் உடம்பின் பரப்பில் 40 சதவீதம் ஒட்டும் பாதமாக இருக்க வேண்டும். பீட்டர் பார்க்கரின் விரல் நுனி போதாது.

மறைவது எப்படி? இங்கே இரும்புக்கை மாயாவி தோற்கவில்லை, பாதி தூரம் வந்துவிட்டான். ஒரு பொருள் நம் கண்ணுக்குத் தெரிவது அது ஒளியை விழுங்குவதாலோ சிதறடிப்பதாலோதான். போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சியைக் கிளிசரினில் அமிழ்த்துங்கள். அமிழ்ந்த பகுதி காணாமல் போகும். இரண்டும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பதால் எல்லை எங்கே என்று ஒளிக்குத் தெரிவதில்லை. நம் தோல் கண்ணாடி போல் இல்லாததற்குக் காரணமும் இதுவே. தோலில் உள்ள நீரின் ஒளிவிலகல் எண் 1.33. கொழுப்புக்கும் புரதத்துக்கும் அதைவிடக் கூடுதல். ஒவ்வொரு எல்லையிலும் ஒளி தடுக்கிச் சிதறுகிறது.

2024 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று வெளியிட்டதைப் படித்தபோது எனக்கு இரும்புக்கை மாயாவியின் நினைவுதான் வந்தது. டார்ட்ரஸின் என்ற மஞ்சள் சாயத்தை நீரில் கலந்து எலியின் வயிற்றுத் தோலில் தேய்த்தார்கள். சாயம் நீரின் ஒளிவிலகல் எண்ணைக் கொழுப்பின் எண்ணுக்கு அருகே உயர்த்தியது. சிவப்பு ஒளிக்குத் தோல் கண்ணாடியானது; உள்ளே குடல் அசைவது உயிரோடு தெரிந்தது. நீரில் கழுவியதும் தோல் பழையபடி. நம் கடைகளின் இனிப்பிலும் குளிர்பானத்திலும் உணவு நிறமாகச் சேர்க்கப்படும் அதே சாயம்தான் டார்ட்ரஸின். மனிதத் தோலில் செய்து பார்த்ததில்லை, வீட்டில் முயலவும் கூடாது. எலியின் தோல் நம்முடையதைவிட மிக மெல்லியது.

ஆனால் முழுதாக மறைந்தவனுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 1897-இல் வெல்ஸ் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' நாவலை எழுதியதிலிருந்தே அறிவியல் எழுத்தாளர்கள் இதைச் சொல்லிவருகிறார்கள். விழித்திரை ஒளியை விழுங்கினால்தான் பார்வை. மறைந்தவனின் விழித்திரை ஒளியை விழுங்காது. எனவே அவன் குருடன். ஊர் என்னைப் பார்க்கக் கூடாது என்று ஏங்கும் பதின்வயதுப் பிள்ளையிடம் இயற்பியல் சொல்வது இது: நீ பார்க்க வேண்டுமானால் கொஞ்சமாவது தெரியத்தான் வேண்டும்.

இவ்வளவையும் கிளறிவிடக்கூடிய வகை எழுத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தபோது என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. 2004-இல் 'ஸ்பைடர்மேன் இந்தியா' வந்தது. ஜீவன் காங் வரைந்த அந்தத் தொடரில் நாயகன் மும்பைப் பையன் பவித்ர பிரபாகர். வேட்டி கட்டிய ஸ்பைடர்மேன் அழகாகவே இருந்தான். ஆனால் ஆய்வுக்கூடம் போய்விட்டது, ஒரு யோகி அவனுக்குச் சக்தி அருள்கிறார். வில்லனுக்குச் சக்தி தருவது ஒரு தாயத்து. இந்தியப் பையன் என்றதும் யோகியும் தாயத்தும்தானா? அந்த 2004-இல் இந்தியப் பிள்ளைகள் அணு உலையையும் செயற்கைக்கோளையும் பாடப்புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக்கை மாயாவியிடமிருந்து குப்பி மாயாவிக்குத் திரும்பிப் போன தொடர் அது என்பது என் தீர்ப்பு.

2021-இல் பேசில் ஜோசப் இயக்கிய 'மின்னல் முரளி' திரைப்படம் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. குறுக்கன்மூலை என்ற கற்பனை ஊரில் ஒரே நேரத்தில் இருவர்மீது மின்னல் இறங்குகிறது. ஒருவன் மலையாளத் தையல்காரன். மற்றவன், ஊர் ஒதுக்கிவைத்த தமிழ்வேர் கொண்ட ஷிபு. அந்தப் பாத்திரத்தில் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். சக்தி ஒன்றுதான், ஊர் இருவரையும் நடத்திய விதம்தான் ஒருவனை நாயகனாகவும் மற்றவனை வில்லனாகவும் ஆக்குகிறது. எல்லையோரத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தப் படத்தின் வலி யாரும் விளக்காமலே புரியும்.

மணவாளக்குறிச்சி மணலில் விளையாடி, வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசி, தன் செல்கள் தன்னைத் திருத்திக்கொள்ளும் விதத்தைத் தானே கண்டுபிடிக்கும் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையின் சித்திரக்கதையை யாராவது வரைய வேண்டும். களமும் அறிவியலும் தயாராக இருக்கின்றன.

அதுவரைக்கும் நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டார கிரந்தசாலைகளின் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பி. என். பணிக்கர் 1945-இல் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கியபோது புத்தகம் ஊர் ஊராகப் போக வேண்டும் என்றுதான் தொடங்கினார். முத்து, லயன் காமிக்ஸ் இன்றும் சிவகாசியிலிருந்து வருகின்றன. அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது பட்டியலில் அவற்றையும் சேருங்கள். பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைக்காமல், பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் 'பாலரமா'வுக்குப் பக்கத்தில் வையுங்கள்.